பத்தாயம் சுமக்கும் கரடி: காவிரிப் படுகையில் ஐந்து நாள்

முதல் நாள் – கல்லணை

காலை ஏழரைக்குக் கல்லணையில் இறங்கினேன். பாலத்தின் மேல் பனி இன்னும் விலகவில்லை. மதகுகளுக்குக் கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. கரையோரத்தில் ஈர மணல் தெரியத் தொடங்கிவிட்டது. நாளை மறுநாள் ஜனவரி 28. மேட்டூரை மூடுகிற நாள். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாகப் பனிக்கரடியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்திகள் சேர்ந்துவிட்டன, சொற்கள்தான் சேரவில்லை. கடல் உறைவதையும், உறைந்த கடலின் மேல் ஒரு விலங்கு பசியோடு நடப்பதையும் எழுதினால் வாக்கியம் அகராதி போல வறண்டு கிடக்கிறது. தமிழில் அதற்கு வார்த்தை இல்லை என்று சென்னையில் ஒரு நண்பர் சொன்னார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிறந்த மண்ணில் ஐந்து நாள் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. மகளைப் பார்க்கத் திருச்சி போகிறவர், வழியில் ஆற்றைப் பார்ப்பதற்கென்றே இறங்கியிருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

கனடாவில் ஹட்சன் விரிகுடா என்று ஒரு கடல். குளிர்காலத்தில் முழுக்க உறையும், கோடையில் முழுக்க உருகும். அங்குள்ள கரடிக்குச் சோறு சீல் என்னும் கடல்நாய். அதைப் பிடிக்கக் கரடிக்குக் காலடியில் தரை வேண்டும்; அந்தத் தரைதான் பனிப்பாளம். தண்ணீரில் நீந்தும் சீலைத் துரத்திப் பிடிக்க அதனால் ஆகாது. கோடையில் பாளம் உருகியதும் கரையேறி, நவம்பரில் கடல் மறுபடி உறையும்வரை பெரும்பாலும் பட்டினி.

"அந்தக் கடலு உறையுறதுக்குத் தேதி உண்டாம்மா?"

"தேதி கிடையாதுங்க ஐயா. குளிரு வந்தாத்தான்."

"நமக்குத் தேதி இருக்கு. தேதிக்குத் தண்ணி வராத வருசமும் இருக்கு." 2017-ஐச் சொன்னார். அந்த ஆண்டு மேட்டூர் திறந்தது அக்டோபர் 2. குறுவை போயே போயிற்று. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். "எப்பத் தொறந்தாலும் எங்களுக்குக் கடைசிலதான். நாங்க கடைமடை."

கடைமடை. இந்தச் சொல்லை நான் எப்படி மறந்தேன்?

ஹட்சன் விரிகுடாவின் கரடிகள் பனியின் கடைமடையில் இருப்பவை. உலகில் பனிக்கரடி வாழும் எல்லையில் தெற்குக் கோடி அந்தப் பகுதிதான். அங்கே பனி உருகி வெறும் தண்ணீராகும் காலம் 1980-களை விட மூன்று நான்கு வாரம் நீண்டுவிட்டது. வசந்தத்தில் பனி முன்னதாக உடைவதையும் கரடிகள் மெலிவதையும் சேர்த்து வைத்து 1999-இல் எழுதினார்கள் பனிக்கரடி ஆய்வாளர் இயன் ஸ்டிர்லிங்கும் அவர் குழுவினரும். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1987-இல் ஏறக்குறைய 1,200 கரடிகள். 2016-இல் 842. 2021-இல் 618.

எல்லா இடத்திலும் இதே கதை இல்லை. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே உள்ள சுக்சிக் கடலில் கரடிகள் நல்ல கொழுப்போடு இருந்ததாகவே கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். ஒரே ஆறுதான், மேல்மடையும் கடைமடையும் ஒன்றா என்ன?

பெரியவர் பேருந்து ஏறுமுன் ஆற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இரண்டாம் நாள் – மன்னார்குடிப் பக்கம்

மாமா வீடு. சம்பா அறுவடை நடக்கிறது. வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகிற சத்தம் திண்ணை வரைக்கும் கேட்கிறது. நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. அதனால் கூடத்தை ஒட்டிய அறையில் அந்தப் பழைய பத்தாயம் வெறுமையாக நிற்கிறது. சின்ன வயதில் அதற்குள் இறங்கி ஒளிந்திருக்கிறேன். மேலே நெல் கொட்டுகிற வாய், அடியில் கை நுழைகிற அளவுக்குச் சின்னக் கதவு. மேலே கொட்டுவது வருசத்துக்கு இரண்டு தடவை. கீழே எடுப்பது தினமும்.

அத்தையிடம் கரடியின் கொழுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வசந்தகாலத்தில் சீல் குட்டி போடும் சமயம்தான் கரடிக்கு அறுவடை. குட்டிச் சீலில் பாதி கொழுப்பு. நன்றாகக் கிடைக்கும் நாளில் தோலையும் கொழுப்பையும் மட்டும் தின்றுவிட்டு இறைச்சியை விட்டுவிட்டுப் போகும். தன் தோலுக்கடியில் பத்து சென்டிமீட்டர் வரை கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். மிச்ச மாதங்களுக்கு அதிலிருந்துதான் அன்றாடம் எடுத்துச் செலவழிக்க வேண்டும்.

"அப்ப பத்தாயத்த முதுகுல கட்டிக்கிட்டுத் திரியுதுன்னு சொல்லு" என்றார் அத்தை, முறத்தைக் கீழே வைக்காமலே.

ஆறு மாதமாக ‘கொழுப்புச் சேமிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்றோடு அதை அடித்துவிட்டேன்.

கரு விஷயம் இன்னும் ஆச்சரியம். பனிக்கரடிகள் இணை சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். கரு உண்டாகும், ஆனால் கருப்பையில் ஒட்டாது. ஒரு சிறு உருண்டையாக மிதந்துகொண்டே, மாதக்கணக்கில் வளராமல் இருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில்தான் ஒட்டும். அதற்குள் தாய் தின்று தின்று எடையை இரண்டு மடங்குக்கு மேல்கூட ஏற்றிக்கொள்ளலாம். உடம்பில் கொழுப்புப் போதவில்லை என்றால் அந்தக் கரு தங்காது. ஹட்சன் விரிகுடாவில் இலையுதிர் காலத்தில் 189 கிலோவுக்குக் குறைவாக இருந்த எந்தத் தாயும் அடுத்த வசந்தத்தில் குட்டியோடு வந்ததாகப் பதிவில்லை.

"பத்தாயம் ரொம்பாம கல்யாணம் வைக்க மாட்டாங்க அந்தக் காலத்துல" என்றார் அத்தை.

மாமா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "புழுதி விதைப்புதாம்மா அது." அவர் சொன்னதும் எனக்குச் சிலிர்த்தது. ஆற்றில் தண்ணீர் வருமுன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். ஈரம் படும்வரை விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும். ஈரம் வந்தால் பயிர். வராமல் போனால் எறும்புக்கும் குருவிக்கும். கரு ஒட்டாமல் மிதந்து காத்திருப்பதற்கு இதைவிட நெருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

கரு ஒட்டியபிறகு தாய் வளைக்குள் போய்விடும். பல இடங்களில் வளை பனிமேட்டில். ஹட்சன் விரிகுடாவில் மட்டும் ஏரிக்கரையின் மக்கிய மண்ணைத் தோண்டி. ஆணும், கரு இல்லாத பெண்ணும் வளைக்குள் மாதக்கணக்கில் முடங்குவதில்லை; குளிர்காலம் முழுக்கப் பனியில் அலைந்து வேட்டையாடும். இதைப் பலர் தெரியாமல் ‘பனிக்கரடி குளிருக்குத் தூங்கிவிடும்’ என்று எழுதுகிறார்கள். வளைக்குள் நவம்பர் முதல் ஜனவரிக்குள் பிரசவம். பெரும்பாலும் இரட்டை. பிறக்கும்போது ஒவ்வொன்றும் 600 கிராம் சுமார்; மட்டை உரித்த தேங்காய் ஒன்றின் எடை. அம்மா 200, 300 கிலோ. பாலில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு. நம் எருமைப் பாலிலேயே ஏழு, எட்டுதான். மார்ச், ஏப்ரலில் வெளியே வரும்போது குட்டிகள் பத்துப் பன்னிரண்டு கிலோ. தாய்க்கோ, ஹட்சன் விரிகுடாக் கணக்கில், கோடையில் கரையேறியதிலிருந்து எட்டு மாதப் பட்டினி. சோறே இல்லாமல், தன் பத்தாயத்தை அடிமட்டம் வரை சுரண்டி இரண்டு உயிரை வளர்த்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தானாகவே ஆரம்பித்தார். அவர் சிங்கப்பூரில் பதினாறு வருசம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்திருப்பார்கள்.

"நான் பாத்துருக்கேம்மா பனிக்கரடிய. மண்டாய் சூவுல. லீவு நாள்ல ரூமுப் பசங்களோட போனேன். பச்சையா இருந்துச்சு."

அது இனுகா. வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 1990 டிசம்பரில் அந்தப் பூங்காவிலேயே பிறந்தது. அது பச்சையானது 2004-இல், தாய் ஷீபாவோடு சேர்ந்து. பனிக்கரடியின் முடி வெள்ளை நிறமே இல்லை. நிறமற்ற, உள்ளே வெற்றிடமுள்ள குழல். வெளிச்சம் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் தோல் கறுப்பு. சிங்கப்பூரின் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. பாசியால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, மருந்து போட்டு நிறத்தை மீட்டார்கள். ஆனால் சூட்டை வெளியே விடாமல் காப்பதற்காகவே உருவான உடம்பு அது. ஆர்க்டிக்கிலேயே கொஞ்ச தூரம் ஓடினால் கரடிக்குச் சூடேறிவிடும், அதனால்தான் எப்போதும் மெதுவாக நடக்கும்.

"பாசி புடிச்ச கொளத்துல எந்திரிச்சு வந்த எருமை மாதிரி நின்னுச்சு. அங்கயும் இங்கயும் ஒரே மாதிரி நடந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கு என்னமோ செஞ்சுருச்சு. அன்னைக்கு ஊருக்கு போன் பண்ணுனேன், ஒங்க அத்தைக்கு ஞாபகம் இருக்கும்."

அத்தை தலையை ஆட்டினார். இனுகா 2018 ஏப்ரலில் இறந்தது. 27 வயது. கால் மூட்டு நோவும் ஆறாத புண்களுமாய் அவதிப்பட்டதால் மருத்துவர்களே உயிரைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பூங்காவில் பனிக்கரடி வைப்பதில்லை என்று முன்பே முடிவெடுத்திருந்தார்கள். அந்த முடிவுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். மாமாவுக்கு அது இறந்த செய்தி தெரியாது. சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்றாம் நாள் – வேதாரண்யம்

பேருந்தில் பாதி நாள் போயிற்று. மேட்டூரை இன்று அடைக்கும் நாள் என்று முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சாயங்காலம் உப்பளம். பாத்தி பாத்தியாகக் கடல்நீர், ஓரத்தில் வெள்ளை படிந்த வரப்பு. 1930-இல் உப்பு அள்ள நடந்து வந்தவர்கள் சேர்ந்த மண். இங்கே தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும். வடக்கே நேர்மாறு. கடல் உறைவது சைபருக்குக் கீழே 1.8 டிகிரியில், உறையும்போது உப்பு வெளியே தள்ளப்பட்டு அடியில் உள்ள கடலுக்குள் இறங்கிவிடும். ஒரு கோடையைத் தாண்டிய பழைய பாளத்தை உருக்கினால் குடிக்கலாம். உப்பள வேலைக்கு வந்த ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அங்க கடலு தன்னத்தானே உப்பு பிரிச்சுக்குதா?" என்று கேட்டுவிட்டுக் கையிலிருந்த மரப்பலகையால் பாத்தியை இழுத்துக்கொண்டே போனார். கால் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை இன்று.

நான்காம் நாள் – கோடியக்கரை

விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போனோம். வழிகாட்டியாக வந்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பறவைகளுக்கு வளையம் மாட்டும் ஆய்வாளர்களுக்கு வலை கட்டிக் கொடுத்தவர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் செய்கிறது. வெளிமான் கூட்டம் ஒன்று புல்வெளியில் நின்றது. கஜா புயலுக்குப் பிறகு எத்தனையோ நாள் கடற்கரையில் மான்களின் உடல் ஒதுங்கியதை அவர் சொல்லும்போது குரல் இறங்கியது. 2018 நவம்பர் 16. அந்த இரவைப் பற்றி இங்கே யாரும் சாதாரணக் குரலில் பேசுவதில்லை.

சதுப்பில் தூரத்தில் பூநாரைகள். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே கேமராவைத் திருப்பினார்கள். எனக்கு வேண்டியது காலடியில் இருந்தது. சேற்றில் தையல் இயந்திரத்தின் ஊசி போலக் கொத்திக்கொண்டே ஓடும் கொசு உள்ளான்கள். ஒன்றின் எடை 25 கிராம் இருக்கும். பக்கத்திலேயே கொஞ்சம் பெரிதாக வளைமூக்கு உள்ளான்கள்.

"இதுங்க எங்கேருந்து வருதுன்னு தெரியுமாக்கா?"

தெரியும். அதற்காகத்தான் வந்தேன். வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், தைமிர் தீபகற்பம் போன்ற மரமற்ற தரையில். கொசு உள்ளானும் அந்த வடகோடிப் பறவைதான். அங்கிருந்து இங்கே 7,000 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தைமிர்க் கரையை ஒட்டிய கடலில் பனிக்கரடி நடக்கிறது. நான் புத்தகத்தில் மட்டும் பார்த்த மண்ணை இந்தச் சின்னப் பறவை காலால் மிதித்துவிட்டு வந்து என் முன்னால் நிற்கிறது.

உறவு அதோடு முடியவில்லை. கரடி சீலின் கொழுப்பைத் தின்றுவிட்டு விடுகிற மிச்சத்துக்காகத் துருவ நரி குளிர்காலத்தில் பனிப்பாளத்தின் மேலேயே கரடியின் பின்னால் மைல் கணக்கில் நடக்கும். அதே நரிகளுக்குக் கோடையில் தரையில் முக்கிய உணவு லெம்மிங் என்னும் எலி. லெம்மிங் பெருகிய ஆண்டில் நரி எலியோடு நிறுத்திக்கொள்ளும். லெம்மிங் சரிந்த ஆண்டில் உள்ளான்களின் கூட்டைத் தேடி முட்டையையும் குஞ்சையும் தின்னும். அந்தக் குளிர்காலத்தில் தெற்கே வந்து சேரும் கூட்டத்தில் இளம்பறவைகள் குறைவாக இருப்பதை வளையம் மாட்டுகிறவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது தம்பி நின்றுவிட்டார்.

"எங்க தாத்தா சொல்வாரு, சில வருசம் குஞ்சுப் பறவையே வராதுன்னு. நாங்க மழையாலன்னு நெனச்சோம்."

மழையும் காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் தாத்தா கண்டதை நான் நம்புகிறேன்.

மதியம் நிழலில் உட்கார்ந்து இன்னொன்றும் பேசினோம். பனி இல்லாத கோடையில் கரடி இந்த முட்டைகளையும் பழங்களையும் தின்று பிழைத்துக்கொள்ளக் கூடாதா? அவர் கேட்டது நியாயமான கேள்வி. தின்னத்தான் செய்கின்றன, நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் வாத்துக் கூடுகளை வரிசையாகக் காலி செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பத்தாயம் நிறைவதில்லை. ஹட்சன் விரிகுடாக் கரையில் 20 கரடிகளுக்குக் கழுத்துக் கேமரா மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. சில படுத்தே கிடந்தன, சில பழம் தின்றன, சில நெடுந்தூரம் நீந்தின. எது செய்தும் இருபதில் பத்தொன்பது மெலிந்தன. சராசரியாக நாளொன்றுக்கு ஒரு கிலோ. தேடி அலைந்து சம்பாதித்தது, அலைந்த செலவுக்கே சரியாகப் போயிற்று. காய்ந்த வருசத்தில் டீசல் போட்டு போர் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

தம்பி கொஞ்சம் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தார். பகிர்ந்து சாப்பிட்டோம்.

ஐந்தாம் நாள் – மல்லிப்பட்டினம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை தாண்டி, அதிராம்பட்டினம் தாண்டி. அலையாத்திக் காட்டில் இறங்க ஆசைதான்; நேரமில்லை.

துறையில் ஒரு அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார். அவரிடம் ஆவுளியாவைப் பற்றிக் கேட்டேன். கடற்பசு என்று எழுதுவோம். இவர்கள் வாயில் அது ஆவுளியா. 2022-இல் இந்தப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்.

"எங்கப்பா காலத்துல நெறய. நான் ரெண்டு தடவ பாத்துருக்கேன். மூக்க மட்டும் மேல நீட்டும். புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. அதோட காணாது. வலையில மாட்டுச்சுன்னா மூச்சு முட்டிச் செத்துரும்மா, அதான் வலைய அறுத்து விட்டுர்றது."

"கடலுக்கு மேல ரெண்டு மீட்டர் கனத்துக்கு மூடி போட்டுட்டா அது என்ன பண்ணும்ணே?"

கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சொன்னேன். சீலுக்கும் நம்மைப் போல நுரையீரல்தான். கடல் உறையத் தொடங்கியதும் முன்துடுப்பு நகத்தால் அடியிலிருந்து பனியைச் சுரண்டி ஓட்டை போடும். குளிர்காலம் முழுக்க அது அடைந்துவிடாமல் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஒன்று இரண்டல்ல, பல இடங்களில். கரடி அதன் பக்கத்தில் படுத்துவிடும். மூச்சின் வாசம் போதும் அதற்கு. அசையாது. சில சமயம் மணிக்கணக்கில். சீல் மேலே வருகிற அந்த ஒரு நொடியில் பாதமும் பல்லும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பெரும்பாலும் தப்பிவிடும். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் அந்த ஓட்டைக்கு ‘அக்லு’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களும் கரடியைப் போலவே அதனருகே ஈட்டியோடு நின்று பழகியவர்கள். எனக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். ‘சுவாசத் துளை’ என்று எழுதி வைத்திருந்தேன். புல்லாங்குழலைச் சொல்வது போல இருக்கிறது.

அண்ணன் வலையை விரித்துக் காட்டினார். "இது என்ன?"

"வலைக் கண்ணு."

"ஆத்து மணல்ல தண்ணி ஊறுற எடம்?"

"ஊத்துக்கண்ணு."

"அப்ப அது மூச்சுக்கண்ணு. அவ்வளவுதானே."

நோட்டை எடுக்கக் கை நடுங்கியது எனக்கு. பக்கத்தில் இருந்த சின்னப் பையன் ஒருவன் "கரடிக்கு மீனு புடிக்கத் தெரியாதா?" என்று கேட்க, அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுதினேன். அண்ணன் விடவில்லை: "ஒரு தடவ தப்பிருச்சுன்னா கரடி என்ன செய்யும்?" அடுத்த கண்ணைத் தேடி நடக்கும் என்றேன். "பனி கம்மியாப் போனா?" நீந்த வேண்டும். 2008-இல் அலாஸ்காவுக்கு வடக்கே ஒரு பெண் கரடி பனிப்பாளத்தைத் தேடி ஒன்பது நாள் விடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியது. கழுத்துப் பட்டையில் பதிவான கணக்கு. இரண்டு மாதம் கழித்து மறுபடி பிடித்துப் பார்த்தபோது எடையில் 22 விழுக்காடு குறைந்திருந்தது. புறப்படும்போது கூட இருந்த ஒரு வயதுக் குட்டி இல்லை.

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "பிள்ளையோட நீந்தியிருக்கு" என்றார். அப்புறம் எனக்கு டீ சொல்லிவிட்டு வந்தார்.

பட்டுக்கோட்டைப் பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. துறைச் சுவரில் உட்கார்ந்து கட்டுரையின் முதல் பத்தியை மறுபடி எழுதியிருக்கிறேன்:

"கடல் உறைந்து இரண்டு வாரம். கடைமடையில் ஒரு கரடி மூச்சுக்கண் அருகே படுத்திருக்கிறது. அதன் பத்தாயம் ஏறக்குறைய காலி."